ஒப்பீட்டுக்கு வெளியே நின்றவர்கள்: பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியின் பொதுப்பள்ளிகள்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், தலைநகர் ரிச்மண்டிலிருந்து மேற்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி இருக்கிறது. 1950இல் அதன் மக்கள்தொகை சுமார் 15,000; அதில் ஏறத்தாழ பாதிப் பேர் கருப்பினத்தவர். புகையிலைச் சாகுபடியும் மரத்தொழிலும் ஊருக்குச் சோறு போட்டன. ஃபார்ம்வில் என்ற சிறுநகரம் தலைமையிடம். கிராமப்புறக் கவுண்டி என்றாலும் அங்கே இரண்டு கல்லூரிகள் இருந்தன: அமெரிக்கா விடுதலை பெறுவதற்கு முன்பே தொடங்கிய ஹாம்ப்டன்-சிட்னி, ஆசிரியைகளை உருவாக்கிய லாங்வுட். இரண்டிலும் கருப்பின மாணவருக்கு அப்போது இடம் கிடையாது.

பொதுப்பள்ளிகளை ஒப்பிடும் முயற்சியைப் பற்றி ஆராய இந்தச் சிறிய கவுண்டியைவிடப் பொருத்தமான இடம் அரிது. இங்கே பள்ளிகளை மாணவர்கள் ஒப்பிட்டார்கள். பிறகு நீதிமன்றம் ஒப்பிட்டது. பிறகு உச்ச நீதிமன்றம் ஒப்பிட்டது. ஒவ்வொருவரும் கேட்ட கேள்வி வேறு. கேள்வி மாறியபோதெல்லாம் விடையும் மாறியது. விடையோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான குழந்தைகளின் வாழ்க்கையும் மாறியது.

வர்ஜீனியாவின் 1902ஆம் ஆண்டு அரசமைப்பு இரண்டு விதிகளை ஒருசேர வைத்திருந்தது. மாநிலம் முழுவதும் இலவசப் பொதுப்பள்ளிகளை அரசு நடத்த வேண்டும் என்பது ஒன்று. வெள்ளையரும் கருப்பினத்தவரும் ஒரே பள்ளியில் படிக்கக் கூடாது என்பது மற்றொன்று. பள்ளிகளை நடத்தும் பொறுப்பு கவுண்டியின் கல்விக் குழுவிடம் இருந்தது. வரி விதிக்கும் அதிகாரமோ அந்தக் குழுவிடம் இல்லை. மக்கள் தேர்ந்தெடுத்த மேற்பார்வையாளர் குழுவிடம் இருந்தது. பள்ளிக்குப் பணம் வேண்டுமென்றால் கல்விக் குழு மேற்பார்வையாளர்களிடம்தான் போய் நிற்க வேண்டும். பின்னால் நடந்தவை எல்லாம் இந்த ஏற்பாட்டின் வழியாகவே நடந்தன.

1950இல் கவுண்டியில் உயர்நிலைப் பள்ளிகள் மூன்று. வெள்ளையருக்கு ஃபார்ம்வில், வொர்ஷம் என இரண்டு. கருப்பினத்தவருக்கு ராபர்ட் ரஸ்ஸா மோட்டன் உயர்நிலைப் பள்ளி ஒன்று. மோட்டன் இதே கவுண்டியில் வளர்ந்தவர். புக்கர் வாஷிங்டனுக்குப் பிறகு டஸ்கீகி என்ற கருப்பினக் கல்வி நிறுவனத்தின் தலைவரானவர். அவர் பெயரைத் தாங்கிய செங்கல் கட்டடம் 1939இல் எழுந்தது. ஒரே தளம். ஏறத்தாழ 180 மாணவருக்காகத் திட்டமிட்டது. பத்தாண்டுக்குள் 450க்கும் மேற்பட்டோர் அங்கே படித்தார்கள். இடம் போதாதபோது புதுப் பள்ளி கட்டாமல், பள்ளி வளாகத்திலேயே பலகையடித்துத் தார்த்தாள் போர்த்திய தற்காலிகக் கொட்டகைகளைக் கவுண்டி எழுப்பியது. கோழிக்கொட்டகை என்றே மாணவர்கள் அவற்றைச் சொன்னார்கள். மழை வந்தால் கூரை ஒழுகும். குளிர்காலத்தில் கணப்புக்கு அருகில் உட்கார்ந்தவருக்குப் புழுக்கம். தள்ளி உட்கார்ந்தவர் மேலங்கியைக் கழற்றாமலே பாடம் கேட்பார். அரங்கத்திலேயே ஒரே நேரத்தில் பல வகுப்புகள் நடக்கும். நிறுத்தியிருந்த பள்ளிப் பேருந்துக்குள்ளும் வகுப்பு நடந்ததுண்டு.

ஃபார்ம்வில் பள்ளியில் உடற்பயிற்சிக் கூடம், உணவுக்கூடம், உடை மாற்றும் அறை, நோயுற்ற மாணவர் படுக்க ஓர் அறை, நிலையான இருக்கைகள் கொண்ட அரங்கம் எல்லாம் இருந்தன. மோட்டனில் இவற்றில் ஒன்றும் இல்லை. கருப்பினப் பெற்றோர் சங்கமும், பள்ளி முதல்வர் பாய்ட் ஜோன்ஸும், முதல் பாப்டிஸ்ட் தேவாலயத்தின் போதகர் பிரான்சிஸ் கிரிஃபினும் கல்விக் குழுவிடம் மீண்டும் மீண்டும் முறையிட்டார்கள். இடம் தேடுகிறோம் என்ற பதிலைத் தாண்டி எதுவும் நகரவில்லை.

1951 ஏப்ரல் 23 அன்று மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வந்தார்கள். தலைமை தாங்கியவர் 16 வயது பார்பரா ஜான்ஸ். முதல்வர் மீது பழி வரக்கூடாது என்பதற்காக, பேருந்து நிலையத்தில் மாணவர்கள் சிக்கலில் மாட்டியிருக்கிறார்கள் என்று தொலைபேசியில் சொல்லி அவரை முன்கூட்டியே வெளியே அனுப்பிவிட்டுத்தான் கூட்டத்தைக் கூட்டினார்கள். இரண்டு வாரம் வேலைநிறுத்தம். அவர்கள் முதலில் கேட்டது ஃபார்ம்வில் பள்ளிக்கு இணையான கட்டடம். அந்தக் கோரிக்கைக்கும் அன்று துணிச்சல் வேண்டியிருந்தது. பள்ளி வளாகத்தில் சிலுவை எரிந்தது. ஜோன்ஸின் பணி ஒப்பந்தத்தைக் கல்விக் குழு புதுப்பிக்கவில்லை. பார்பராவைப் பாதுகாப்புக்காக அலபாமாவின் மாண்ட்கமரியிலிருந்த தந்தையின் சகோதரர் வெர்னன் ஜான்ஸ் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த வெர்னன் ஜான்ஸ் போதகராக இருந்த தேவாலயத்துக்குத்தான் அடுத்து மார்ட்டின் லூதர் கிங் வந்தார்.

மாணவர்களின் கடிதம் கண்டு ஃபார்ம்வில் வந்த வழக்கறிஞர்கள் ஆலிவர் ஹில்லும் ஸ்பாட்ஸ்வுட் ராபின்சனும் ஒரு நிபந்தனை வைத்தார்கள். இணையான கட்டடம் கேட்டு இனி வழக்குப் போட மாட்டோம். பிரித்து வைப்பதையே எதிர்ப்பதானால் வருகிறோம் என்றார்கள். கருப்பினப் பெற்றோரிடையே தயக்கம் இல்லாமல் இல்லை. கடன் கொடுப்பவரும் வேலை கொடுப்பவரும் வெள்ளையராக இருந்த ஊரில் அந்தத் தயக்கம் இயல்பானது. ஆனாலும் மே 23 அன்று 117 மாணவர் பெயரில் வழக்குப் பதிவானது. பட்டியலில் முதல் பெயர் ஒன்பதாம் வகுப்பு மாணவி டோரதி டேவிஸ். அதனால் அது டேவிஸ் வழக்கு.

1952 பிப்ரவரி இறுதியில் ரிச்மண்டில் மூன்று கூட்டாட்சி நீதிபதிகள் முன்னிலையில் விசாரணை நடந்தது. பள்ளிகளை எப்படி ஒப்பிடுவது என்று படிப்போர் அந்தத் தீர்ப்பைக் கவனமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் ஒப்பீடு என்ற அளவில் அது நேர்மையானது. மோட்டனில் உடற்பயிற்சிக் கூடமும் குளியலறையும் இல்லை, ஆசிரியர் ஓய்வறை இல்லை, அறிவியல் கருவிகள் போதாது என்று எழுதினார்கள். வெள்ளையர் பள்ளிகளில் இருந்த இயற்பியல், உலக வரலாறு, லத்தீன், உயர்நிலைத் தட்டச்சும் சுருக்கெழுத்தும், மரவேலை, உலோக வேலை, வரைபடம் ஆகிய பாடங்கள் மோட்டனில் இல்லை என்று பட்டியலிட்டார்கள். புதிய பேருந்துகளில் கருப்பின மாணவருக்கு உரிய பங்கு வரவில்லை என்றும் கண்டார்கள். கட்டடத்திலும் பாடத்திலும் பேருந்திலும் சமமின்மை உண்டு என்று நீதிமன்றம் ஏற்றது.

ஏற்ற பிறகு அது கட்டளையிட்டது இரண்டே. பாடத்தையும் பேருந்தையும் உடனே சமமாக்குங்கள்; கட்டடத்தைக் காலம் தாழ்த்தாமல் கட்டுங்கள். பிரித்து வைத்தல் நீடிக்கலாம். அது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம், அதனால் எந்த இனத்துக்கும் கேடில்லை என்றது தீர்ப்பு. அதற்கு ஆதாரமாக மாநிலம் தழுவிய இன்னோர் ஒப்பீட்டையும் அது எடுத்துக்காட்டியது. வர்ஜீனியாவின் 100 கவுண்டிகளில் 29இல் கருப்பினப் பள்ளிகளின் வசதிகள் வெள்ளையர் பள்ளிகளுக்குச் சமம். மேலும் 17இல் அவற்றைவிட மேல். கட்டுமானம் முடிந்தால் இன்னும் 5இல் மேலாகிவிடும். எண்களைப் பார்த்தால் மாநிலம் முன்னேறுவதாகத் தோன்றும். பிரித்து வைக்கும் சட்டம் சரியா என்ற கேள்வியை அந்த அட்டவணையின் எந்தக் கட்டத்திலும் நிரப்ப முடியாது.

அந்த விசாரணையில் இரு உளவியலாளர்கள் எதிரெதிரே சாட்சி சொன்னார்கள். மோட்டன் மாணவர்களை நேரில் பேட்டி கண்ட கென்னத் கிளார்க், பிரித்து வைப்பது குழந்தையின் தன்மதிப்பைக் குலைக்கிறது என்றார். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஹென்றி காரெட், வசதி சமமாக இருந்தால் தீங்கில்லை என்றார். கிளார்க்குக் கொலம்பியாவில் பாடம் நடத்தியவர் காரெட். ஒருவர் குழந்தையிடம் கேட்டுவிட்டு வந்து பேசினார். மற்றவர் குழந்தையைப் பார்க்காமல் வசதியைப் பற்றிப் பேசினார். ரிச்மண்ட் நீதிபதிகள் காரெட் பக்கம் நின்றார்கள்.

கவுண்டியும் கட்டளையை நிறைவேற்றியது. எட்டு லட்சம் டாலருக்கு மேல் செலவில் ஊருக்கு வெளியே புதிய மோட்டன் பள்ளி 1953இல் திறந்தது. கட்டடத்தை மட்டும் வைத்து ஒப்பிட்டால் அது ஃபார்ம்வில் பள்ளியைவிடப் புதியது. சமம் வேண்டும் என்ற கேள்விக்குச் செங்கல்லால் பதில் சொல்லிவிட்டோம் என்று மேற்பார்வையாளர்கள் கருதினார்கள்.

1954 மே 17 அன்று உச்ச நீதிமன்றம் பிரவுன் வழக்கில் தீர்ப்பளித்தபோது, அதனோடு சேர்ந்திருந்த வழக்குகளில் டேவிஸ் வழக்கும் ஒன்று. வாதிகளின் எண்ணிக்கையில் பெரும்பகுதி பிரின்ஸ் எட்வர்ட் மாணவர்களே. கட்டடம், பாடத்திட்டம், ஆசிரியர் தகுதி, சம்பளம் ஆகிய கண்ணுக்குத் தெரியும் கூறுகள் சமமாகிவிட்டன அல்லது சமமாகி வருகின்றன என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டே, அவற்றை மட்டும் ஒப்பிட்டு இந்த வழக்கைத் தீர்க்க முடியாது என்றது. பிரித்து வைப்பது பொதுக்கல்வியின் மீது விளைவிக்கும் பாதிப்பைப் பார்க்க வேண்டும் என்றது. பள்ளிகளை ஒப்பிடும் முறை அன்று சட்டத்தில் ஒரு படி ஏறியது. இருப்பைக் கணக்கிடுவதிலிருந்து விளைவைக் கேட்பதற்கு அது நகர்ந்தது.

பிரித்து வைத்தலை முடிவுக்குக் கொண்டுவரக் காலக்கெடு எதையும் அந்தத் தீர்ப்பும் அடுத்த ஆண்டுத் தீர்ப்பும் குறிக்கவில்லை. அந்த இடைவெளியில் செனட்டர் ஹாரி பேர்ட் தலைமையில் வர்ஜீனியா அரசு எதிர்ப்பைத் திட்டமாகவே வகுத்தது. 1958இல் நார்ஃபோக், சார்லட்ஸ்வில், ஃபிரண்ட் ராயல் ஊர்களில் மாநில அரசு பள்ளிகளை மூடியது. 1959 ஜனவரி 19 அன்று மாநில உச்ச நீதிமன்றமும் கூட்டாட்சி நீதிமன்றமும் அதைச் செல்லாதென்றன. மாநிலம் பின்வாங்கியது, பின்வாங்கும்போதே கட்டாயக் கல்விச் சட்டத்தை நீக்கி, பள்ளி நடத்துவதை உள்ளூரின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது.

பிரின்ஸ் எட்வர்ட் அந்த வாசல் வழியாக நுழைந்தது. வரும் செப்டம்பரிலேயே கலப்புப் பள்ளி தொடங்க வேண்டும் என்று 1959 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் உத்தரவிட்டது. அடுத்த மாதமே மேற்பார்வையாளர் குழு பொதுப்பள்ளிகளுக்கு நிதி ஒதுக்கவும் பள்ளி வரி விதிக்கவும் மறுத்தது. கல்விக் குழுவுக்கு வரி விதிக்கும் அதிகாரம் இல்லாததால் அதனால் எதுவும் செய்ய இயலவில்லை. கவுண்டியின் எல்லாப் பொதுப்பள்ளிகளும் மூடின. காகிதத்தில் அது முழுச் சமம்: வெள்ளையருக்கும் பள்ளி இல்லை, கருப்பினத்தவருக்கும் பள்ளி இல்லை.

உண்மையில் நடந்ததைப் பணத்தின் தடம் காட்டுகிறது. வெள்ளையர் உடனே பிரின்ஸ் எட்வர்ட் அகாடமி என்ற தனியார் பள்ளியைத் தொடங்கினார்கள். தேவாலயங்களிலும் பொது மன்றங்களிலும் வகுப்பு நடந்தது. முதல் ஆண்டு நன்கொடையில் ஓடியது. 1960இல் மாநிலச் சட்டமன்றம் தனியார் பள்ளியில் சேரும் ஒவ்வொரு குழந்தைக்கும் 125 அல்லது 150 டாலர் கல்விக் கட்டண மானியம் அறிவித்தது. கவுண்டி தன் பங்குக்கு 100 டாலர் சேர்த்தது. இப்படி அகாடமிக்குப் போன குழந்தைக்கு 225 டாலர், உயர்நிலையானால் 250 டாலர் பொதுப்பணத்திலிருந்து கிடைத்தது. தனியார் பள்ளிக்கு நன்கொடை தருவோருக்குச் சொத்து வரியில் 25 சதவீதம் வரை கழிவும் உண்டு. மானியம் பெற இனம் தடையில்லை என்று சட்டம் சொன்னது. சேருவதற்குக் கவுண்டிக்குள் இருந்த பள்ளியோ வெள்ளையருக்கானது. உங்களுக்கும் தனியார் பள்ளி அமைத்துத் தருகிறோம் என்ற யோசனையைக் கருப்பினத்தவர் மறுத்தார்கள். அதை ஏற்றால் பொதுப்பள்ளி என்ற உரிமையே கைவிட்டுப் போகும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த மறுப்பு பிடிவாதமாகத் தோன்றலாம். அது தெளிவான அரசியல் அறிவு. அதன் விலையைக் குழந்தைகள் கொடுத்தார்கள்.

ஏறத்தாழ 1,700 கருப்பினக் குழந்தைகள் பள்ளி இழந்தார்கள். ஏழை வெள்ளையர் வீட்டுக் குழந்தைகள் சிலரும் இழந்தார்கள். வசதியுள்ள குடும்பங்கள் அடுத்த கவுண்டிக்கு உறவினர் வீட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பின. உயர்நிலை மாணவர் சிலரை வட கரோலினாவின் கிட்ரெல் கல்லூரி சேர்த்துக்கொண்டது. குவேக்கர் அமைப்பினர் சிலரை வேறு மாநிலக் குடும்பங்களில் தங்கவைத்துப் படிக்கவைத்தார்கள். தேவாலயங்களில் எழுத்தும் கணக்கும் சொல்லித்தரும் மையங்கள் நடந்தன. பள்ளி இருக்கிறதே என்று நீதிமன்றத்தில் யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக அவற்றைப் பள்ளி என்று அழைப்பதைத் தவிர்த்தார்கள். பெரும்பாலான பிள்ளைகள் எங்கும் போகவில்லை. புகையிலை வயலில் வேலை செய்தார்கள். 1959இல் ஆறு வயதில் முதல் வகுப்பில் சேர வேண்டிய குழந்தைக்கு 1963இல் பத்து வயதாகிவிட்டது, அகரவரிசை அறியாமலே. லாங்வுட் கல்லூரியின் முதன்மையர் கார்டன் மாஸ் போன்ற மிகச் சில வெள்ளையர் வெளிப்படையாக எதிர்த்துப் பேசினார்கள். ஊர் அவர்களை ஒதுக்கியது.

1963 செப்டம்பரில் கென்னடி அரசின் முயற்சியாலும் அறக்கட்டளைகளின் பணத்தாலும் இலவசப் பள்ளிகள் ஓராண்டுக்குத் திறந்தன. முன்னாள் ஆளுநர் கோல்கேட் டார்டன் தலைமையிலான குழு கவுண்டியின் பூட்டிய கட்டடங்களையே வாடகைக்கு எடுத்தது. நியூயார்க் மாநிலத்திலிருந்து வந்த நீல் சல்லிவன் கல்வி அதிகாரி. 1,500க்கு மேற்பட்டோர் சேர்ந்தார்கள். அவர்களில் வெள்ளையர் மிகச் சிலரே. வயதை வைத்து வகுப்புப் பிரிப்பது பயனற்றது என்று கண்ட சல்லிவன், வகுப்பு எண்ணை எடுத்துவிட்டு அவரவர் நின்ற இடத்திலிருந்து பாடம் தொடங்கச் செய்தார்.

1964 மே 25 அன்று கிரிஃபின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுதியவர் நீதிபதி ஹியூகோ பிளாக். அவர் செய்ததும் ஒப்பீடே, ஆனால் எல்லையை மாற்றி வைத்தார். கவுண்டிக்குள் வெள்ளையரையும் கருப்பினத்தவரையும் ஒப்பிட்டால் இருவருக்கும் பொதுப்பள்ளி இல்லை என்ற வாதம் நிற்கும். அவர் பிரின்ஸ் எட்வர்ட் குழந்தைகளை வர்ஜீனியாவின் மற்ற எல்லாக் கவுண்டிக் குழந்தைகளோடும் ஒப்பிட்டார். மாநிலத்திலேயே இவர்களுக்கு மட்டும் பொதுப்பள்ளி இல்லை. கவுண்டிக்குக் கவுண்டி வேறுபாடு இருப்பது தானாகவே குற்றமாகாது என்பதையும் அவர் சொன்னார். வேறுபாட்டின் காரணத்தைப் பார்க்க வேண்டும். இங்கே காரணம் இனம் ஒன்றே. பள்ளிகளைத் திறக்கவும் தேவையானால் வரி விதிக்கவும் மேற்பார்வையாளர்களுக்கு உத்தரவிடலாம் என்றார். பள்ளியைத் திறக்க உத்தரவிடும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டா என்பதில் மட்டும் இரு நீதிபதிகள் உடன்படவில்லை.

1964இல் பள்ளி திறந்தபோதும் கணக்கு பேசியது. மேற்பார்வையாளர்கள் பொதுப்பள்ளிகளுக்கு ஒதுக்கியது 1,89,000 டாலர். தனியார் பள்ளி மானியத்துக்கு 3,75,000 டாலர். மானியத்துக்குத் தடை வருமுன் ஒரே இரவில் பெருந்தொகையைப் பட்டுவாடா செய்தார்கள். பின்னர் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை அவமதிப்பு என்று கண்டது. பொதுப்பள்ளியின் மாணவர் ஒருபுறம், அதன் நிதியைத் தீர்மானிப்போரின் பிள்ளைகள் மறுபுறம் என்றிருந்த இந்த நிலை பல ஆண்டுகள் நீடித்தது. 1970களிலும் 80களிலும்தான் வெள்ளையர் மெல்லப் பொதுப்பள்ளிக்குத் திரும்பினார்கள். அகாடமி 1986இல் கருப்பின மாணவரைச் சேர்க்கத் தொடங்கி, 1993இல் ஃபியூக்வா பள்ளி என்று பெயர் மாறியது.

அதே காலத்தில் பள்ளி ஒப்பீடு ஓர் ஆய்வுத்துறையாக வளர்ந்தது. 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டம் கேட்டபடி சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் குழு 1966இல் அறிக்கை தந்தது. ஏறத்தாழ 4,000 பள்ளிகள், ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள். மாணவர் தேர்ச்சியில் கட்டடமும் கருவியும் விளைவிக்கும் வேறுபாட்டைவிடக் குடும்பப் பின்னணியும் உடன் படிப்போரும் விளைவிக்கும் வேறுபாடு பெரிது என்று அது கண்டது. பள்ளியால் பயனில்லை என்று அதைப் படித்தவர்களும் உண்டு. பள்ளியே இல்லாமல் நான்காண்டு இருந்த கவுண்டியை அறிந்தவர் யாரும் அப்படிப் படிக்க மாட்டார்கள்.

பள்ளி மாவட்டங்களுக்கிடையிலான செலவு வேறுபாட்டைப் பொறுத்தவரை 1973இல் ராட்ரிகஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில், கல்வி கூட்டாட்சி அரசமைப்பு தரும் அடிப்படை உரிமை அல்ல என்றது. அதன்பின் வழக்குகள் மாநில நீதிமன்றங்களுக்குப் போயின. கென்டக்கியில் 66 பள்ளி மாவட்டங்கள், பெரும்பாலும் ஏழைக் கிராமப்புறத்தவை, தொடுத்த ரோஸ் வழக்கில் 1989இல் மாநில உச்ச நீதிமன்றம் பள்ளி அமைப்பு முழுவதையும் செல்லாதென்றது. ஒவ்வொரு குழந்தைக்கும் பள்ளி தர வேண்டிய ஏழு திறன்களை அது வரையறுத்தது. பேசவும் எழுதவும் வல்லமை, ஆட்சிமுறையை அறிதல், வேலைக்கும் மேற்படிப்புக்கும் தயாராதல் ஆகியவை அவற்றில் சில. மாணவர் எதைச் செய்ய வல்லவராகிறார் என்பதை அளவுகோலாக்கிய தீர்ப்பு அது.

கிராமப்புறப் பள்ளிகளை மதிப்பெண்ணால் ஒப்பிடும்போது எண்ணிக்கையின் சிறுமை ஏமாற்றும். முப்பது பேர் தேர்வெழுதும் பள்ளியில் இருவர் தவறினால் தேர்ச்சி ஏறத்தாழ 7 சதவீதம் சரியும்; முந்நூறு பேர் எழுதும் பள்ளியில் அதே இருவர் ஒரு சதவீதம்கூட ஆகமாட்டார்கள். ஓராண்டு எண்ணை வைத்துச் சிறு பள்ளியைத் தரவரிசைப்படுத்துவது தவறு. பல ஆண்டுச் சராசரியே ஓரளவு பேசும். பேருந்தில் குழந்தை கழிக்கும் நேரத்தையும், ஒரே ஆசிரியர் எத்தனை பாடம் எடுக்கிறார் என்பதையும், எந்தப் பாடம் பள்ளியில் கிடைக்கவே கிடைக்காது என்பதையும் சராசரி காட்டாது. 1952 நீதிமன்றம் பேருந்தையும் இயற்பியலையும் எண்ணியது சரியான வழக்கம்; பல இன்றைய தரவரிசைகள் அதைக்கூடச் செய்வதில்லை.

பிரின்ஸ் எட்வர்டில் இன்று பொதுப்பள்ளிகள் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. பிரித்து வைப்பதைக் காப்பாற்ற 1953இல் கட்டிய மோட்டன் பள்ளியே எல்லாருக்குமான உயர்நிலைப் பள்ளியாக ஆனது. 1939ஆம் ஆண்டுக் கட்டடம் 1998இல் தேசிய வரலாற்றுச் சின்னமாகி, இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. வர்ஜீனியாவின் 1971ஆம் ஆண்டு அரசமைப்பு தரமான கல்விக்கு மாநிலத்தைப் பொறுப்பாக்கி, கவுண்டி தன் பங்கைக் கட்டாயம் செலுத்த வேண்டும் என்றும் விதித்திருக்கிறது. 1959இல் திறந்திருந்த வாசலை அது அடைத்தது. 2003இல் மாநிலச் சட்டமன்றம் வருத்தம் தெரிவித்தது. அதே ஆண்டு, பள்ளியை இழந்தவர்களுக்குக் கவுண்டி மதிப்புறு பட்டயம் வழங்கியது. 2004இல் பள்ளி மூடலால் கல்வி இழந்தவர்களுக்கென உதவித்தொகைத் திட்டத்தைச் சட்டமன்றம் உருவாக்கியது. அதற்குத் தகுதியானவர்கள் அப்போது ஐம்பது வயதை நெருங்கியவர்களும் தாண்டியவர்களும். விட்ட இடத்திலிருந்து படிப்பைத் தொடர அவர்களில் பலர் விண்ணப்பித்தார்கள்.